கோடைத் தீயும் நம் வீடும் தோப்பும்: வாசகர் கேள்வி – பதில்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28 அன்று மூடப்பட்டு, ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நான்கரை மாதங்களில் ஆறும் வாய்க்காலும் வறண்டு, வரப்புப் புல் காய்ந்து, படுகை நிலங்களில் நாணலும் கோரையும் வெளுத்து நிற்கும். டெல்டாவில் தீப்பிடிக்கும் காலமும் இதுவே, அணைக்கத் தண்ணீர் கிடைக்காத காலமும் இதுவே. மலைக்காடு இல்லாத ஊரில் காட்டுத் தீயா என்று கேட்பவர்கள், கொள்ளிடக் கரைப் படுகையையும், வேதாரண்யத்துச் சவுக்குத் தோப்புகளையும், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் சித்திரை மாதத்து உச்சிவெயிலில் ஒருமுறை பார்க்க வேண்டும். அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியே இருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் குடும்பத்துடன் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வசிக்கிறாள். காட்டுத் தீக்கு அஞ்சி, வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடி வரை எரியக்கூடிய எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே சொல்கிறார்களாம். வாசல் செடிகளையும் மரத்தட்டியையும்கூட அகற்றிவிட்டார்கள். தீ காட்டிலிருந்துதானே வரும், ஐந்தடியைச் சுத்தம் செய்து என்ன பயன்? நம் ஊருக்கு இது பொருந்துமா?
– வாசகி, பேராவூரணி

பொருந்தும் அம்மா, நன்றாகவே பொருந்தும். காட்டுத் தீ என்றதும் ஆளுயரச் சுவாலை நடந்து வந்து வீட்டைப் பற்றிக்கொள்வதாகத்தான் நாம் எண்ணுகிறோம். ஆனால் எரிந்துபோன வீடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது சுவாலைக்கு முன்பே காற்றில் பறந்துவரும் கங்குகள். அவை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வரக்கூடும். வந்த கங்கு வெறும் மண்ணில் விழுந்தால் அணைந்துபோகும். சுவரோரத்துச் சருகிலோ, திண்ணையடியில் கிடக்கும் துடைப்பக் குச்சியிலோ, கூரை இடுக்கிலோ விழுந்தால் அங்கே ஒரு சிறு தீ பிறந்து, அரை மணி நேரத்தில் வீட்டை எடுத்துக்கொள்ளும்.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரில் பரவிய தீயில் 85 பேர் உயிரிழந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தீ அடங்கிய பிறகு எடுக்கப்பட்ட படங்களில், சாம்பலாகிக் கிடந்த வீடுகளுக்கு நடுவே பல மரங்கள் பச்சை இலைகளோடு நின்றன. மரம் எரியாமல் வீடு மட்டும் எரிந்தது என்றால், தீ மரத்தின் வழியாக வரவில்லை என்பது தெளிவு. அதனால்தான் உங்கள் மகளின் ஊரில் முதல் 5 அடி, அடுத்து 30 அடி வரை, அதற்கும் அடுத்து 100 அடி வரை என்று வீட்டைச் சுற்றி மூன்று வளையங்களாகப் பிரித்துக்கொண்டு, உள்வளையத்தில் கண்டிப்பையும் வெளிவளையத்தில் நிதானத்தையும் கடைப்பிடிக்கச் சொல்கிறார்கள். முதல் ஐந்தடியில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. அடுத்த வளையத்தில் காய்ந்தது எதுவும் இருக்கக் கூடாது, பச்சை இருக்கலாம். கடைசி வளையத்தில் மரங்கள் நெருக்கமில்லாமல், தாழ்ந்த கிளைகள் கழிக்கப்பட்டு நின்றால் போதும்.

இந்தக் கண்ணோடு இனி உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கொல்லைப்புறச் சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு, தேங்காய் உரிமட்டைக் குவியல், அடுப்பெரிக்க வைத்த பாளையும் பன்னாடையும், வெயிலுக்காக வாசலில் இறக்கிய கீற்றுச் சார்ப்பு என, நம் வீடுகளில் எரிபொருள் முழுவதும் சரியாக அந்த ஐந்தடிக்குள்தான் இருக்கிறது. ஓட்டு வீட்டுக்காரர்கள் கூரை மேல் ஓடுதானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்கிறார்கள். நாட்டு ஓட்டின் இடுக்குகளில் எலி இழுத்துப் போட்ட வைக்கோலும் குருவிக் கூடும் நிறைந்திருக்கும், கீழே பரணில் பழைய பாயும் சாக்கும் கிடக்கும். ஒரு கங்கு நுழைவதற்கு அந்த இடுக்கே போதும். ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், ஓட்டைப் பிரித்து மாற்றுபவரை அழைத்து உடைந்ததை மாற்றி, இடுக்கைத் துடைத்து, பரணையும் காலி செய்துவிடுங்கள். மழைக்காலத்துக்காகச் செய்வதைச் சற்று முன்கூட்டிச் செய்வதால் செலவு கூடாது.

வேலியையும் கவனிக்க வேண்டும். கீற்றுத் தட்டியாலோ காய்ந்த முள்ளாலோ கட்டிய வேலி, தோப்பிலிருந்து வீட்டுச் சுவர் வரை நீண்டிருந்தால் அது பட்டாசுக்குத் திரி வைத்ததுபோல வேலை செய்யும். வேலி முழுவதையும் மாற்ற முடியாவிட்டாலும், வீட்டைத் தொடும் கடைசிப் பத்தடியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பி வலையோ கல் தூணோ வையுங்கள். மீதிக்குக் கிளுவை, ஆடாதொடை, நொச்சி போன்ற உயிர்வேலி நட்டால் இரண்டு மழைக்காலத்தில் அடர்ந்துவிடும்.

கேள்வி: எனக்கு இரண்டரை ஏக்கர் சவுக்கும், அதை ஒட்டி ஒரு ஏக்கர் தென்னையும் இருக்கின்றன. கஜா புயலில் விழுந்த தென்னை மரங்கள் சில இன்னும் தோப்போரத்தில் கிடக்கின்றன. பக்கத்து நிலம் ஆளில்லாமல் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சென்ற ஆண்டு அங்கே பிடித்த தீ என் எல்லை வரை வந்துவிட்டது. பயத்தில் சவுக்கை முன்கூட்டியே வெட்டி விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– விவசாயி, வேதாரண்யம் வட்டம்

வெட்ட வேண்டாம் ஐயா. கடலோரத்தில் நிற்கும் சவுக்கு உங்கள் வீட்டுக்கும் ஊருக்கும் காற்றைத் தடுக்கிற சுவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்தக் கரையோரத்தில் எவ்வளவு பாடுபட்டுச் சவுக்கு நட்டார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். மரத்தை வைத்துக்கொண்டே தீயைத் தள்ளி நிறுத்தும் வழிகள் இருக்கின்றன.

சவுக்கைப் பொறுத்தவரை முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது தீயைத் தாங்கும் மரம் அன்று. பனை கருகினாலும் மறுபடி குருத்து விடும். சவுக்கின் மெல்லிய பட்டை வெந்துவிட்டால் மரம் போய்விடும். அதோடு அதன் சருகு மெதுவாகவே மக்குவதால், மூன்று நான்கு ஆண்டுத் தோப்பில் கணுக்கால் ஆழத்துக்கு மெத்தைபோல் படிந்திருக்கும். இந்தத் தரைத்தீயைத்தான் நீங்கள் தடுக்க வேண்டும். தரைத்தீ மேலே ஏறுவதற்கு ஏணியாக அமைவது காய்ந்த தாழ்கிளைகள். இரண்டாம் ஆண்டிலேயே ஆள் உயரம் வரை கிளை கழித்து, அந்த மிலாறைத் தோப்புக்குள்ளேயே போட்டுவிடாமல் வெளியே எடுத்துவிட்டால், தீ வந்தாலும் முழங்கால் உயரத்தில் ஊர்ந்து செல்லுமே தவிர உச்சிக்குப் போகாது. விறகுக்கு மிலாறு கேட்டு வருகிறவர்களைத் துரத்தாதீர்கள். அவர்கள் உங்கள் தோப்புக்குச் செய்வது காவல் வேலை.

அடுத்தது தீத்தடுப்புக் கோடு. தோப்பைச் சுற்றிலும் 10 முதல் 15 அடி அகலத்துக்கு, கருவேலம் மண்டிய பக்கம் மட்டும் 20 அடிக்கு, சருகும் புல்லும் இல்லாமல் மண் தெரியும்படி உழுதுவிட வேண்டும். தை கடைசியில் ஒருமுறையும், மாசியில் காய்ந்த புல்லுக்காகப் பங்குனித் தொடக்கத்தில் மறுமுறையும் டிராக்டர் ஓட்டினால் போதும். ரோட்டவேட்டர் ஓட்டினால் சருகு மண்ணோடு கலந்து மேலேயே கொஞ்சம் நிற்கும். கலப்பை போட்டுப் புரட்டிவிடுவது நல்லது. இரண்டரை ஏக்கரை ஒரே துண்டாக விடாமல், நடுவில் டிரெய்லர் போகும் அகலத்துக்கு ஒரு வழி எடுத்துவிடுங்கள். வெட்டும் காலத்தில் மரம் ஏற்ற உதவும், தீக்காலத்தில் பாதித் தோப்பையாவது காப்பாற்றும்.

இதைச் சொல்லும்போது, தோப்பு முழுவதும் சருகைக் கூட்டி எடுத்துவிட வேண்டும் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. உங்கள் பகுதி மணலில் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் சருகுதான். கோட்டிலும், வீட்டுப் பக்கம் 30 அடியிலும், ஆள் நடக்கும் பாதையோரத்திலும் மட்டும் எடுங்கள். மற்ற இடத்தில் விட்டுவிடுங்கள்.

தென்னையில் கீழே தொங்கும் காய்ந்த மட்டையும் பாளையும் பன்னாடையும்தான் ஆபத்து. தேங்காய் பறிக்கும்போதே மரத்தையும் சுத்தம் செய்யச் சொல்லிக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். உரிமட்டையைக் குவித்துக் கொளுத்தாமல், மரத்திலிருந்து ஆறடி தள்ளி வாய்க்கால்போல் பள்ளம் எடுத்து, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் மூடிவிட்டால், அது வெயில் காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தரும். எல்லையில் பனை இருந்தால் காவோலையை மட்டும் கழித்துவிட்டு மரத்தைத் தொடாமல் விடுங்கள். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கஜாவில் விழுந்த மரங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில், பாரடைஸ் எரிந்த அதே மாதத்தில், நம் கரையில் புயல் கடந்தது. விழுந்த லட்சக்கணக்கான தென்னைகளுக்கு நடுவே நின்று கண்ணீர் விட்டவர்களுக்கு அன்று அவற்றை அப்புறப்படுத்தும் தெம்பு இருக்கவில்லை; நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் புயல் சாய்த்த மரம் சில கோடைக்குப் பின் காய்ந்த கட்டையாகிவிடும். அதில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, காற்றடிக்கும்போது கங்கு பறக்கவிடும். அதே கட்டை மட்கினால் காண்டாமிருக வண்டுக்கு வீடாகி, புதிதாக நட்ட கன்றுகளின் குருத்தைக் குடைகிறது. ஆகவே அதைத் துண்டு போட்டு அகற்றும் கூலியை இரண்டு கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஆளில்லாத பக்கத்து நிலம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கெட்ட எண்ணம் இருக்காது, கவனம்தான் இருக்காது. அவருக்குத் தொலைபேசியில் பேசி, எல்லையோரம் 20 அடியை மட்டும் உங்கள் செலவில் சுத்தம் செய்துகொள்ள அனுமதி கேளுங்கள். கருவேலங்கட்டையை விற்று வரும் பணத்தில் கூலி அடங்கிவிடும் என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. அனுமதியை ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் மனுக் கொடுப்பது அதற்கு அடுத்த படி.

கேள்வி: எங்கள் தெருவில் சென்ற வைகாசியில் ஒரு வைக்கோல் போர் தானாகவே எரிந்தது. யாரோ பகையில் வைத்த தீ என்று பேச்சு எழுந்து, இரண்டு குடும்பங்கள் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. வைக்கோல் தானாகத் தீப்பிடிக்குமா? போரை எங்கே, எப்படி வைப்பது?
– வாசகர், நீடாமங்கலம்

பிடிக்கும். இது தெரியாமல் எத்தனை ஊர்களில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகித்து வாழ்கிறார்கள் என்று எண்ணினால் மனம் கனக்கிறது. ஈரத்தோடு நெருக்கி அடுக்கிய வைக்கோலில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெளிப்பக்கம் காய்ந்திருப்பதால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் நடுவில் சேர்ந்துகொண்டே போகும். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கவனம் வேண்டும். அடுக்கிய முதல் ஆறு வாரங்கள்தான் ஆபத்தான காலம். கையால் அறுத்துக் களத்தில் அடித்து வெயிலில் உதறிப் போட்ட காலத்தில் இது அரிதாக இருந்தது. இப்போது இயந்திரம் அறுத்துப் போட்டதை அடுத்த நாளே கட்டு கட்டும் இயந்திரம் இறுக்கி உருட்டிவிடுகிறது. பனி ஈரமும், நடுவில் பெய்த ஒரு தூறலும் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அறுவடை முடிந்து மூன்று நான்கு மாதம் கழித்து, நன்றாகக் காய்ந்த போர் வைகாசியில் எரிந்ததென்றால் அது தானாகப் பிடித்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அதனால் பகை என்று ஆகிவிடாது. இறுதி ஊர்வலத்தில் போட்ட வெடி, கோயில் திருவிழா வாணம், அணைக்காமல் வீசிய பீடி, எலி வளையில் புகை போட வந்தவர் விட்டுச்சென்ற கங்கு, காற்றில் உரசிய மின்கம்பி என்று யாரும் நினைத்துச் செய்யாத காரணங்கள் பல உண்டு. அந்த இரண்டு வீட்டாருக்கும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

போர் உள்ளே சூடாகிறதா என்று அறியக் கடப்பாரையை நடுவரை செலுத்தி, கால் மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். நுனியைக் கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால், அல்லது வெல்லம் கருகியதுபோன்ற வாசனை வந்தால், அவசரப்பட்டுப் போரைப் பிரித்துவிடாதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்ததும் குப்பென்று பற்றிக்கொள்ளும். மேலே ஏறவும் கூடாது. நடுவில் எரிந்து பொந்தாகியிருந்தால் ஆள் உள்ளே விழுந்துவிடுவார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்த பின் பிரிப்பதே முறை.

இடத்தைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்தும் மாட்டுக்கொட்டகையிலிருந்தும் குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். மாட்டுக்குப் பிடுங்கிப் போட வசதி என்று கொட்டகையை ஒட்டியே போர் போடுவது நம் வழக்கம். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். கட்டிப்போட்ட மாடு ஓட முடியாது. நான்கைந்து நாள் தேவைக்கு மட்டும் கொட்டகையில் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளி வையுங்கள். வைகாசி முதல் ஆடி வரை மேல்காற்று ஓங்கி அடிப்பதால் வீட்டுக்கு மேற்கே போர் கூடாது. கோடையில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று திரும்புவதால் கிழக்கும் தென்கிழக்கும் சிறந்தவை அல்ல. இடம் வாய்த்தால் வடக்குப் பக்கம் நல்லது. பெரிய போர் ஒன்றைவிட, இடைவெளி விட்ட சிறிய போர்கள் இரண்டு மேல். மின்கம்பிக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்ந்த கம்பியில் உரசி நடுத்தெருவில் எரியும் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். உங்கள் தெருவில் கம்பி தொய்ந்திருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் இன்றே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 71. கொள்ளிடக் கரையில் கூரை வீட்டில் தனியாக இருக்கிறேன். பக்கத்துப் படுகையில் புதுப்புல் முளைக்கட்டும் என்று ஆடு மேய்க்கிறவர்கள் நாணலுக்குத் தீ வைக்கிறார்கள். கூரைக்குப் பொறி வருமோ என்று இரவில் தூக்கமில்லை. ஓட்டு வீடு கட்ட வசதியில்லை. பேரன் எழுதித் தருகிறான்.
– வாசகி, அரியலூர் மாவட்டம்

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. கூரையில் விழும் பொறி எவ்வளவு விரைவாக வேலையை முடிக்கும் என்பதைக் காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோனது.

நீங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அடுப்பு வீட்டுக்குள் இருந்தால் வெளியே மாற்றுங்கள்; முடியாவிட்டால் அடுப்புக்கு நேர் மேலே, கூரைக்கு ஓரடி கீழே, ஒரு தகரத்தைக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். சாம்பலை அள்ளும்போது உள்ளே கங்கு இருக்கும். தண்ணீர் தெளித்து, மண்சட்டியில் போட்டு ஒருநாள் ஆறவிட்டுப் பிறகே குப்பையில் கொட்ட வேண்டும். படுகைப் பக்கம் வீட்டைச் சுற்றி 30 அடிக்குப் புல்லைச் செதுக்கி வைக்கப் பேரனிடம் சொல்லுங்கள். கூரையின் இறவாரம் தரைவரை தாழ்ந்திருந்தால் புல்தீயே அதைத் தொட்டுவிடும். இடுப்பளவுக்கு மேல் நிற்கும்படி நறுக்கிவிட வேண்டும். புல் செதுக்கிய இடத்தில் வாழையோ கற்றாழையோ வரிசையாக நட்டால் ஈரமான தடுப்பாக நிற்கும். காற்றடிக்கும் மாலைகளில், தண்ணீர் இருந்தால், படுகைப் பக்கத்துக் கூரையில் நான்கு குடம் தெளித்துவிடுங்கள். ஏணியில் ஏற வேண்டாம். வேப்பங்கொத்தை நனைத்துக் கீழிருந்தே உதறினால் போதும்.

ஆனால் வீட்டுத் தீயை அணைப்பது உங்கள் வேலை அன்று அம்மா. பற்றியது தெரிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். கதவு உள்ளே இழுக்கும்படி இருந்து, வாசலில் பெட்டியும் மூட்டையும் அடைத்துக்கொண்டிருந்தால் இன்றே நகர்த்துங்கள். ஆதார், குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் இவற்றின் நகலை மகன் வீட்டிலோ நம்பிக்கையான ஓட்டு வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அசலை ஒரு தகரப் பெட்டியில், தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்; எடுக்க முடியாமல் போனால் அதற்காகத் திரும்ப உள்ளே போகக் கூடாது. கேஸ் சிலிண்டர் இருந்தால் இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள்.

நாணலுக்குத் தீ வைப்பவர்களிடம் சண்டைக்குப் போகாமல், ஊர்க் கூட்டத்தில் பேரனைக்கொண்டு இதைப் பேசச் சொல்லுங்கள். மேய்ச்சல் தேவை அவர்களுக்கும் உண்மையான தேவைதான். வெட்டிவிட்டாலும் நாணல் துளிர்க்கும். வீட்டுப் பக்கம் உள்ள துண்டை மட்டுமாவது வெட்டிக் கழிப்பது என்று ஒப்புக்கொண்டால் போதும்.

வீட்டைப் பற்றி ஒரு செய்தி. தமிழ்நாட்டைக் குடிசையில்லா மாநிலமாக்க 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வீதம் "கலைஞரின் கனவு இல்லம்" திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பேரனை விசாரிக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

கேள்வி: அறுவடை முடிந்த வயலில் தாளைக் கொளுத்தினால் நிலத்துக்கு நல்லது என்கிறார் என் மாமனார். காற்றில்லாத நேரத்தில் கொளுத்தலாமா?
– வாசகர், மன்னார்குடி

வேண்டாம். உங்கள் மாமனாருக்கு மரியாதையோடு சொல்லுங்கள்: வைக்கோலிலும் தாளிலும் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாய்ப் போய்விடும். மேல்மண்ணில் உள்ள உயிர்களும் வெந்துபோகும். நம் பக்கத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிற வழக்கமே, தாளைக் கொளுத்தத் தேவையில்லை என்பதற்குச் சான்று. தெளிக்காத வயலில் கோடை மழை பெய்ததும் மடக்கி உழுதுவிடலாம். சித்திரையில் காலையில் காற்றில்லை என்று வைத்த தீ, வெயில் ஏறிக் காற்றுத் திரும்பும்போது எங்கே இருக்கும் என்பதை எந்த அனுபவசாலியாலும் சொல்ல முடியாது. தோப்புகளிலும் படுகையிலும் நான் விசாரித்த தீக்களில் பல, அடுத்தவர் வரப்பில் அடங்கும் என்று நம்பி வைத்த தீக்கள்தான்.

கேள்வி: எங்கள் ஊருக்குத் தீயணைப்பு வண்டி வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகிறது. இளைஞர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்ய எண்ணுகிறோம். என்ன பொருள் வாங்கி வைப்பது, எதைப் பழகுவது?
– ஊர் இளைஞர்கள் சார்பில் வாசகர், ஒரத்தநாடு வட்டம்

இந்தக் கடிதத்தைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பொருள் வாங்குவதற்கு முன் ஊரைப் பாருங்கள். வண்டி உள்ளே வரும் பாதையில் தாழ்ந்த கிளை, குறுகிய மதகு, திருவிழா வளைவு எது தடுக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். கோடையிலும் தண்ணீர் நிற்கும் குளம், பண்ணைக்குட்டை, தொட்டி எவை, வண்டி அவற்றின் கரைவரை போக முடியுமா என்று ஒரு தாளில் வரைந்து, உங்கள் பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலரிடம் நேரில் கொடுங்கள். கோடைக்கு முன் ஒருநாள் வந்து செய்முறை விளக்கம் தரவும் கேளுங்கள். பொதுமக்களுக்குப் பயிற்சி தருவது அவர்கள் பணியில் சேர்ந்ததுதான். தீ கண்டால் 101 அல்லது 112-க்கு முதலில் அழைத்துவிட்டு, ஒருவர் முக்கியச் சாலையில் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். எல்லோரும் தீயிடம் ஓடிவிட்டு, வண்டி அடுத்த ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. தீப்பிடித்ததும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தியதும் ஊரில் உள்ள போர்வெல் மோட்டார் அனைத்தும் நின்றுவிடும். ஆகவே வீட்டுக்கு ஒரு நிரம்பிய தொட்டியும், தெருவுக்கு ஓர் ஆயில் இன்ஜினும் நீண்ட ஹோஸும் தயாராக இருக்க வேண்டும். இன்ஜினை மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான்கள் புல்தீக்கு மிகவும் உதவுபவை. ஆனால் பூச்சிமருந்து ஊற்றாத, தண்ணீருக்கென்றே ஒதுக்கிய தெளிப்பான்கள் ஐந்தாறு தனியாக வேண்டும். பச்சை வேப்பங்கொத்து, புங்கங்கொத்து, மண்வெட்டி, நனைத்த சாக்கு இவை போதும். அடிக்கும்போது ஓங்கி அறைந்தால் பொறி சிதறும்; அமுக்கி அமுக்கி அணைக்க வேண்டும். தீயின் முகத்துக்கு எதிரே நிற்காமல், எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து ஓரங்களை அணைத்துக்கொண்டே முன்னேறுங்கள். நைலான், பாலியெஸ்டர் சட்டை உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடையும் மூடிய செருப்பும் அவசியம்.

அடர்ந்த தோப்புக்குள், நாணல் காட்டுக்குள், அது யாருடையதாக இருந்தாலும், நுழையக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் இளையவர்கள் 20-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது காய்ந்த புல்லில் பரவிய தீயிடம்தான். தப்பி ஓட இரண்டு வழி தெரியாத இடத்தில் நிற்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையும், உழுத வயலும், ஈரச் சேறும் பாதுகாப்பான இடங்கள். சுவாலை தலைக்கு மேல் போனால் அணைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, முதியவர்களை வெளியேற்றுவதும் மாடுகளை அவிழ்த்துவிடுவதும்தான் வேலை. யாருக்காவது சுட்டுவிட்டால் குளிர்ந்த சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றி, சுத்தமான துணியால் மூடி, 108-க்கு அழையுங்கள். பற்பசையும் மையும் மண்ணும் தடவாதீர்கள்.

அணைத்தபின் எல்லோரும் வீடு திரும்பிவிடுவதுதான் பெரிய தவறு. தென்னங்கட்டையிலும் வரப்புக்குள் ஓடும் வேரிலும் கனல் மறைந்திருந்து மறுநாள் நண்பகல் காற்றில் மறுபடி எழும். உங்கள் பதினைந்து பேரில் இருவர் இருவராக முறை போட்டு, இரண்டு இரவு காவல் இருங்கள். எரிந்த இடத்தைத் தொடாமல், புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் தோண்டி, தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்துச் சான்று கேட்டுப் பெறுவதற்கும், கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்ப்பதற்கும் முன்பாக இழந்த வீடுகளையும் மரங்களையும் கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்து வைக்க ஒருவரை நியமித்துவிடுங்கள். வீடிழந்தவர் அந்த நேரத்தில் அதைச் செய்யும் நிலையில் இருக்கமாட்டார்.